5 மாடி ஆஸ்பத்திரி வேலைக்கு பிம் (பில்டிங் முழுசையும் முதல்ல கம்ப்யூட்டர்ல 3டி மாடலா கட்டிப் பாக்கறது) தேவையா, ஆட்டோகேட் + எக்செல் போதுமா? பிளானிங்ல உண்மையில என்ன வித்தியாசம் வருது?

கொங்கு_சிவில் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோயம்புத்தூர் பக்கம் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனில பிளானிங் இன்ஜினியரா இருக்கேன், 6 வருஷமா இதே வேலைதான். இதுவரைக்கும் நாங்க பண்ணது எல்லாம் அபார்ட்மெண்ட், கல்யாண மண்டபம், ரெண்டு ஸ்கூல் பில்டிங். இப்ப முதல் தடவையா ஒரு ஆஸ்பத்திரி வேலை கைக்கு வந்திருக்கு. தரைத்தளம் சேர்த்து 5 மாடி, மொத்தம் கிட்டத்தட்ட 62,000 சதுரடி, மூணாவது மாடில மூணு ஆபரேஷன் தியேட்டர், அதுக்கு கீழ ஐசியூ. ஃப்ளோர் ஹைட் 3.6 மீட்டர், காலம் கிரிட் (தூணுக்குத் தூண் தூரம்) 7.2 மீட்டர், பீம் 600 மில்லிமீட்டர் ஆழம்.

நாங்க பிளான் பண்ற விதம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆர்க்கிடெக்ட் கிட்ட இருந்து 2டி டிராயிங் வரும், ஸ்ட்ரக்சுரல் தனியா பிடிஎஃப்ல வரும், எலக்ட்ரிகல், பிளம்பிங், ஏசி இதெல்லாம் பாதி ஃப்ரேம் எழும்பின அப்புறம்தான் வந்து சேரும். நான் எக்செல்ல குவான்டிட்டி எடுத்து, எம்எஸ் ப்ராஜெக்ட்ல பார் சார்ட் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த ரெண்டு வாரத்துக்கான வேலையை பிரிண்ட் எடுத்து ஃபோர்மேன் கைல குடுப்பேன்.

போன வேலைல நடந்தது ஒண்ணு மனசுல உறுத்திட்டே இருக்கு. ரெண்டாவது மாடி டாய்லெட் லைன் வெளிய வர்ற இடத்துல குறுக்க பீம். பிளம்பிங் டிராயிங் லேட்டா வந்ததால ஸ்லீவ் (பைப் போக கான்கிரீட் போடறதுக்கு முன்னாடியே வைக்கிற குழாய்) வைக்கல. அப்புறம் கோர் கட்டிங் மிஷின் கொண்டு வந்து 7 இடத்துல ஓட்டை போட்டோம், மூணாவது ஓட்டைல அடிக்கம்பி அறுந்து மிஷினோட சத்தமே மாறிப்போச்சு, நான் பக்கத்துல தான் நின்னுட்டு இருந்தேன். ஸ்ட்ரக்சுரல் கன்சல்டண்ட் வந்து பாத்துட்டு வேலையை நிறுத்திட்டார். 19 நாள் போச்சு. ஆஸ்பத்திரில இப்படி நடக்க விடக் கூடாதுன்னு தான் இந்தக் கேள்வியே கேக்குறேன்.

ஓனர் தரப்பு கன்சல்டண்ட் பிம்ல பண்ணுங்கன்னு சொல்றார். எங்க முதலாளி செலவு எவ்வளவுன்னு கேக்குறார். எங்க ப்ராஜெக்ட் மேனேஜர் 25 வருஷம் ஆட்டோகேட் டிராயிங்லயே கட்டிட்டோம், இப்ப எதுக்குன்னு கேக்குறார். அவர் சொல்றதையும் என்னால தள்ளிவிட முடியல, அவர் கட்டின பில்டிங் எல்லாம் நல்லா நிக்குது. பிளானிங்னு மட்டும் எடுத்துக்கிட்டா எது எந்த இடத்துல உதவும்? ரெண்டு முறையிலயும் வேலை பாத்தவங்க சொன்னீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்ங்க.

சிங்கை_பிம்

ப்ரோ, நான் தஞ்சாவூர் பக்கம், சிங்கப்பூர்ல 11 வருஷமா இருக்கேன், முதல் 4 வருஷம் ஆட்டோகேட் டிராஃப்டர், அதுக்கு அப்புறம் பிம் கோஆர்டினேட்டர். ரெண்டும் கையால பண்ணிப் பாத்தவன்கிற முறையில சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம், பழைய முறைல கோஆர்டினேஷனே இல்லன்னு நெனச்சுடாதீங்க. இங்க கம்பைண்ட் சர்வீசஸ் டிராயிங்னு ஒண்ணு போடுவோம், டக்ட் (ஏசி காத்துக் குழாய்) ஒரு கலர், கேபிள் ட்ரே ஒரு கலர், ஸ்ப்ரிங்க்லர் ஒரு கலர், எல்லாத்தையும் ஒரே ஷீட்ல ஏத்தி, நெருக்கடியா இருக்கிற இடத்துல செக்‌ஷன் வெட்டிப் பாப்போம். ஆட்டோகேட் வர்றதுக்கு முன்னாடி இதையே ட்ரேசிங் பேப்பரை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அடில லைட் போட்டு பாத்திருக்காங்க. வேலை செய்யாம இல்ல, ஆனா செக்‌ஷன் எங்க வெட்டுறோமோ அங்க மட்டும்தான் பிரச்சினை தெரியும், வெட்டாத இடத்துல இருக்கிறது ஸ்லாப் போட்ட அப்புறம்தான் தெரியும். உங்க 7 ஓட்டை கதை அதுதான்.

சிங்கப்பூர்ல பில்டிங் அத்தாரிட்டி 2013ல 20,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற புது பில்டிங்குக்கு ஆர்க்கிடெக்சர் பிளானை பிம்ல தான் சப்மிட் பண்ணணும்னாங்க, 2014ல ஸ்ட்ரக்சரும் எம்இபியும் (ஏசி, எலக்ட்ரிகல், பிளம்பிங்) சேந்துச்சு, 2015ல 5,000 சதுர மீட்டர்னு இறக்கிட்டாங்க. துபாய்ல 2014ல 40 மாடிக்கு மேல போறது, ஆஸ்பத்திரி இதுக்கெல்லாம் கட்டாயமாக்கினாங்க. யுகேல 2016 ஏப்ரல்ல இருந்து மத்திய அரசு வேலைக்கு. இதை எதுக்கு சொல்றேன்னா, ரூல் வந்த புதுசுல இங்க நெறைய கம்பெனி என்ன பண்ணாங்கன்னா 2டிலயே எல்லாத்தையும் முடிச்சுட்டு கடைசில ஒருத்தரை வெச்சு அதைப் பாத்து மாடல் கட்டி சப்மிட் பண்ணாங்க. நானே அப்படி மாடல் கட்டியிருக்கேன். அதுல சைட்டுக்கு ஒரு பிரயோஜனமும் கெடையாது, செலவு மட்டும் ரெண்டு மடங்கு. மாடல் சைட்டுக்கு முன்னாடி ஓடணும், பின்னாடி ஓடுற மாடலுக்கு காசு குடுக்காதீங்க. இது ஒண்ணை மட்டும் உங்க முதலாளி கிட்ட ஆணித்தரமா சொல்லுங்க.

இப்ப உங்க ஆஸ்பத்திரிக்கே வர்றேன், நீங்க குடுத்த அளவையே வெச்சுக்குவோம். தியேட்டர் ஒண்ணு 20க்கு 20 அடி, உயரம் 10 அடின்னா 4,000 கன அடி. ஆஸ்பத்திரி அக்ரெடிட்டேஷன் கைட்லைன்ல மணிக்கு கொறஞ்சது 20 தடவை காத்து மாறணும், அப்ப மணிக்கு 80,000 கன அடி, அதாவது நிமிஷத்துக்கு சுமார் 1,333 கன அடி. டக்ட்ல நிமிஷத்துக்கு 1,000 அடி வேகம்னு வெச்சா 1.33 சதுர அடி டக்ட் வேணும், 16 இன்ச்சுக்கு 12 இன்ச். இது ஒரு தியேட்டரோட சப்ளைக்கு மட்டும், ரிட்டர்ன் தனி. காரிடார்ல உங்க பீம் அடி 3,000 மில்லில இருக்கு, சீலிங் 2,600ன்னா நடுவுல 400 மில்லி. 12 இன்ச் டக்ட் 305, இன்சுலேஷன் மேலயும் கீழயும் 25 வெச்சா 355, தாங்குற சேனல் 40 சேத்தா 395. மிச்சம் 5 மில்லி! சீலிங் ஃப்ரேம் எங்க போகும், ஸ்ப்ரிங்க்லர் எங்க போகும், ஆக்ஸிஜன் காப்பர் லைன் எங்க போகும், கேபிள் ட்ரே எங்க போகும்? அது போக தியேட்டருக்கே 10 அடி சீலிங் வேணும்னா 3.05 மீட்டர் ஆச்சு, உங்க பீம் அடியே 3.0 தான். அந்த மாடிக்கு ஃப்ளோர் ஹைட் 3.6 பத்தாது ப்ரோ, 4.2 ஆவது வேணும்னு எனக்குத் தோணுது. இன்னைக்கே ஆர்க்கிடெக்டுக்கு ஃபோன் போடுங்க.

இந்தக் கணக்குக்கு பிம்மே வேண்டாம், ஒரு பேப்பர் போதும்னு நீங்க சொல்லலாம். கரெக்ட் தான். ஆனா பேப்பர்ல ஒரு காரிடார் ஒரு இடத்துல பாப்போம், மாடல்ல பில்டிங் முழுக்க எல்லா இடத்துலயும் இந்தக் கேள்வி தானா எழும்பும். அதுலயும் ஒரு எச்சரிக்கை இருக்கு, நேவிஸ்வொர்க்ஸ்ல (எல்லா மாடலையும் ஒண்ணா சேத்துப் பாக்குற சாஃப்ட்வேர்) முதல் தடவை கிளாஷ் (ஒண்ணோட ஒண்ணு இடிக்கிற இடம்) ஓட்டினா ஆயிரக்கணக்குல வரும், பாத்ததும் தலை சுத்தும். ஒரே டக்ட் 12 பீம்ல இடிச்சா 12 கிளாஷ்னு காட்டும், டக்ட்டை 100 மில்லி இறக்கினா மொத்தமும் போயிடும். கிளாஷ் எண்ணிக்கையை வெச்சு யாரையும் திட்டாதீங்க. வாரத்துக்கு ஒரு நாள் ஏசிக்காரர், பிளம்பிங், எலக்ட்ரிகல், ஸ்ட்ரக்சுரல் எல்லாரையும் ஒரே ஸ்க்ரீன் முன்னாடி உக்கார வெச்சு, இது யார் நகர்த்தறது, எந்த தேதிக்குள்ளன்னு எழுதி வாங்குங்க. பாதி பிரயோஜனம் அந்த உக்காந்து பேசறதுல தான் இருக்கு.

எம்புக்_1200

தம்பி, நான் 28 வருஷமா குவான்டிட்டி சர்வே பண்றேன், எம்புக் (பில்லுக்கு அளவு எழுதுற புக்) எழுதியே பழகின கை. உங்க ப்ராஜெக்ட் மேனேஜர் சொல்றதுல நியாயம் இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன். நியூயார்க்ல எம்பயர் ஸ்டேட் பில்டிங் 1930 மார்ச் 17ல ஆரம்பிச்சு 1931 மே 1ல திறந்துட்டாங்க, 102 மாடி, ஒரு கம்ப்யூட்டர் கெடையாது. ஸ்டீல் எந்த லாரில எந்த மணிக்கு வரணும், எந்த மாடிக்கு ஏறணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வெச்சிருந்தாங்க. நீங்க போடுற பார் சார்ட்டுக்கு அடியில ஓடுற கிரிட்டிகல் பாத் (எந்த வேலை தள்ளினா முடியற தேதியே தள்ளும்னு பாக்குற) முறையும் 1957ல அமெரிக்காவுல ஒரு கெமிக்கல் கம்பெனிக்காக வந்தது தான். அதனால பழைய முறைன்னா திட்டமில்லாத முறைன்னு யாரும் நெனைக்க வேண்டாம்.

இப்ப குவான்டிட்டி பத்தி சொல்றேன், ஏன்னா மாடல்ல இருந்து ஒரு பட்டன்ல அளவு வந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் ஒரு வேலைல அதை நம்பி பில் போட்டு மாட்டிக்கிட்டேன். மாடல் காட்டுறது நெட் அளவு. நம்ம காசு வாங்குறது ஐஎஸ் 1200ங்கற அளவெடுப்பு ஸ்டாண்டர்ட் படி அளந்து. பூச்சு வேலைல அரை சதுர மீட்டர் வரைக்கும் இருக்கிற ஓப்பனிங்குக்கு கழிக்கவே கூடாது, அரைல இருந்து 3 சதுர மீட்டர் வரைக்கும் ஒரு பக்கம் மட்டும் கழிக்கணும், 3க்கு மேல போனாதான் ரெண்டு பக்கமும் கழிச்சுட்டு ஜாம்ப் (ஓப்பனிங்கோட உள்பக்க ஓரம்) பூச்சைக் கூட்டணும். 1 மீட்டர் அகலம் 2.1 மீட்டர் உயரக் கதவுன்னா 2.1 சதுர மீட்டர், ஒரு பக்கம்தான் கழிவு. மாடல் ரெண்டு பக்கமும் கழிச்சுடும். ஒரு கதவுக்கு 2.1 சதுர மீட்டர் போச்சு. ஆஸ்பத்திரில 60 கதவு இருந்தா 126 சதுர மீட்டர் பூச்சுக் காசு பில்லுல காணாமப் போகும். சப் கான்ட்ராக்டர் கொத்தனாருக்கு நீங்க ரூல் படி குடுத்துடுவீங்க, ஓனர் கிட்ட நெட்டுக்கு வாங்குவீங்க, நடுவுல நஷ்டம் உங்க கம்பெனிக்கு. அதனால மாடல் அளவை மெட்டீரியல் ஆர்டர் போட வெச்சுக்கோங்க, பில்லுக்கு தனியா அளந்துக்கோங்க. பீமும் ஸ்லாபும் சேர்ற இடத்தை சரியா ஜாயின் பண்ணலேன்னா கான்கிரீட் ரெண்டு தடவை எண்ணும், அதையும் பாருங்க. ஒரு பீம், ஒரு ஸ்லாப் பேனல், ஒரு காலம் மூணையும் கையால கணக்குப் போட்டு மாடலோட ஒத்துப்பாத்துட்டு அப்புறம்தான் மீதியை நம்பணும்.

அடுத்தது 4டின்னு (3டி மாடலோட வேலைத் தேதியையும் சேக்கறது) ஒரு வீடியோ காட்டுவாங்க, பில்டிங் தானா மாடி மாடியா எழும்பும், பாக்க நல்லா இருக்கும், முதலாளி மயங்கிடுவார். நான் கேக்குற கேள்வி ஜாக்கி (ஸ்லாபைத் தாங்குற இரும்பு முட்டு) எத்தனை இருக்கு? ஐஎஸ் 456ங்கற கான்கிரீட் ஸ்டாண்டர்ட் படி 4.5 மீட்டருக்கு மேல ஸ்பான் இருக்கிற ஸ்லாபுக்கு 14 நாள் முட்டு எடுக்கக் கூடாது, 6 மீட்டருக்கு மேல போற பீமுக்கு 21 நாள். உங்க கிரிட் 7.2, அப்ப மெயின் பீமுக்கு 21 நாள். நீங்க பார் சார்ட்ல 15 நாளைக்கு ஒரு ஸ்லாப்னு போட்டீங்கன்னா கீழ் பீம் முட்டு நிக்கும்போதே மேல் ஸ்லாப் வந்துடும், ரெண்டு செட் முட்டும் பீம் பாட்டமும் இல்லாம அது நடக்காது. அதை மாடல் சொல்லாது, யார் சென்ட்ரிங் மேஸ்திரியோ அவர் சொல்வார். ஹோலிக்கு வட இந்தியப் பசங்க ஊருக்குப் போனா திரும்ப 20 நாள் ஆகும், அதையும் மாடல் சொல்லாது.

மாடல் வேண்டாம்னு சொல்லல தம்பி. மேஸ்திரியையும் ஃபோர்மேனையும் கூட உக்கார வெச்சு அந்த வரிசையை மாடல்ல ஏத்தினா நல்ல விஷயம். ஏசி ரூம்ல உக்காந்து 24 வயசுப் பையன் தனியா போட்ட வரிசை சைட்ல மூணாவது நாளே பொய்யாப் போயிடும், பாவம் அந்தப் பையன் மேல தப்பில்ல, அவனை யாரும் சைட்டுக்குக் கூட்டிட்டுப் போறதில்ல.

கொங்கு_சிவில்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. சிங்கை அண்ணா, நீங்க சொன்ன உடனே ஆர்க்கிடெக்ட் ஆஃபீசுக்குக் கூப்பிட்டேன், மூணாவது மாடி செக்‌ஷன் டிராயிங்ல 3.6னே தான் போட்டிருக்காங்க, ஏசி கன்சல்டண்ட் இன்னும் அப்பாயிண்ட் ஆகலயாம். ஃபவுண்டேஷன் தோண்ட ஆரம்பிச்சாச்சு. நெஜமாவே கை நடுங்கிடுச்சு.

எம்புக் சார், கதவு கணக்கு எங்க யாருக்குமே தோணல, இதை பில்லிங் டீமுக்கு அப்படியே அனுப்பிட்டேன். ஜாக்கி எங்க கிட்ட ஒரு மாடிக்கு மட்டும்தான் இருக்கு, மிச்சம் வாடகைக்குத்தான் எடுக்கணும், பார் சார்ட்டை மறுபடி போடுறேன்.

இப்ப என் சந்தேகம், முழு பில்டிங்கையும் மாடல் பண்ண எங்களுக்கு ஆளும் இல்ல, நேரமும் இல்ல. ஒரு பகுதியை மட்டும் பண்ணா பிரயோஜனம் உண்டா? வெளிய குடுத்து வாங்கறதா இருந்தா என்ன கேட்டு வாங்கணும்?

பிளம்பர்_மதுரை

நான் பிளம்பிங், ஃபயர் ரெண்டும் எடுத்துப் பண்றேன். இஞ்சினியருக்குப் படிச்சவன் இல்ல, ஆனா பைப்பு எங்க போகணும்னு எல்லார்ட்டயும் சண்டை போட்டுப் பழக்கம். ஒண்ணே ஒண்ணு சொல்றேன் நல்லா கேட்டுக்கங்க, கழிவு பைப்பு வளைஞ்சு மேல ஏறாது. டக்ட்டை தட்டையாக்கலாம், கரண்டு ட்ரே சுத்திக்கிட்டு போகலாம், ஸ்ப்ரிங்க்லர் பைப்பு ரெண்டு எல்போ போட்டா எங்கயும் போயிடும். எனக்கு மட்டும் வாட்டம் (சரிவு) வேணும். 110 மில்லி பைப்பு 80க்கு 1 வாட்டத்துல 16 மீட்டர் ஓடினா 200 மில்லி இறங்கிடும், அப்ப பைப்புக்கே 310 மில்லி இடம் வேணும், கப்ளர், கிளாம்ப் தனி. அதனால முதல்ல என் லைனைப் போடுங்க, அப்புறம் பெரிய டக்ட், அப்புறம் ட்ரே, கடைசில சின்ன பைப்பு. நான் போன எல்லா சைட்லயும் என்னையத்தான் கடைசில கூப்பிடுறாங்க, வந்து பாத்தா எல்லாரும் சீலிங்ல இடம் புடிச்சு முடிச்சிருப்பாங்க.

இன்னொண்ணு, மாடல்ல ஸ்லாப் அடி கண்ணாடி மாதிரி மட்டமா இருக்கும். சைட்ல சென்ட்ரிங் ஷீட்டு எறங்கி 10, 15 மில்லி தொங்கும், அங்கங்க கான்கிரீட் பிதுங்கி நிக்கும். 5 மில்லி கேப்புல எல்லாம் கச்சிதமா உக்காருதுன்னு மாடல் பச்சை காட்டினா நம்பாதீங்க. எல்லாத்துக்கும் சுத்தி 50 மில்லியாவது விட்டு செக் பண்ணச் சொல்லுங்க, ஸ்பேனர் சுத்தறதுக்கு கை போகணும்ல. ஒரு சைட்ல வால்வு இருந்துச்சு, திறக்க கை போகல, சீலிங்கை உடைச்சுத்தான் திறந்தாங்க, அது ஃபயர் லைன் வால்வு வேற.

மாடல் போடுறது எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதையும் சொல்லிடறேன். செல்போன்ல ஒரு தடவை இஞ்சினியர் தம்பி சுத்திக் காட்டுச்சு, என் பைப்பு எங்க போகுது, பக்கத்துல என்ன இருக்குன்னு கண்ணால பாத்தேன். அந்த வேலைல ஒரு கோர் கட்டிங் கூட நான் பண்ணல.

டெக்லா_தாம்பரம்

வெளிய குடுத்து வாங்கறதுன்னா என்ன கேக்கணும்னு கேட்டீங்க, நான் அந்தப் பக்கம் இருக்கிற ஆளு. சென்னை, கோவை ரெண்டு ஊர்லயும் எங்கள மாதிரி டீட்டெயிலிங் ஆஃபீஸ் ஏகப்பட்டது இருக்கு, பெரும்பாலும் அமெரிக்கா, யுகே வேலை, நம்ம ஊர் பில்டிங்குக்கு மாடல் கேட்டு வர்றவங்க ரொம்ப கம்மி, அது எனக்கு எப்பவும் வருத்தம், பக்கத்துத் தெருவுல கட்டுறவங்க கோர் அடிச்சுட்டு இருப்பாங்க, நாங்க கடல் தாண்டி இருக்கிற பில்டிங்குக்கு கம்பி கம்பியா மாடல் போட்டுட்டு இருப்போம்.

எவ்வளவு டீட்டெயில்னு எழுத்துல சொல்லுங்க. சும்மா பிம் மாடல் வேணும்னு கேட்டா, பாக்க அழகா ஒண்ணு வரும், கதவு கைப்பிடி கூட இருக்கும், ஆனா டக்ட்டுக்கு இன்சுலேஷன் இருக்காது. உங்களுக்கு ஸ்ட்ரக்சர் மொத்தமும் 300 லெவல் போதும், அதாவது சைசும் இடமும் சரியா இருந்தா போதும். காரிடாரும் தியேட்டரும் ஷாஃப்ட்டும் (பைப் மாடி மாடியா இறங்குற வழி) மட்டும் 350 லெவல்ல, சப்போர்ட், ஹேங்கர், இன்சுலேஷன் எல்லாத்தோட கேளுங்க. கம்பி வரைக்கும் போற 400 லெவல் உங்களுக்கு எல்லா இடத்துலயும் வேண்டாம், பீமும் காலமும் சேர்ற நெருக்கமான நாலஞ்சு ஜங்ஷன்ல மட்டும் வாங்கிக்கோங்க. ஏன் ஜங்ஷன்னு சொல்றேன்னா, 300 மில்லி அகல பீம்ல ரெண்டு பக்கமும் 25 மில்லி கவர் (கம்பிக்கு வெளிய இருக்கிற கான்கிரீட்), 8 மில்லி ஸ்டிரப் (சுத்திக் கட்டுற வளையக் கம்பி) போக உள்ள 234 மில்லி. 25 மில்லி கம்பி 5 வெச்சா 125, மிச்சம் 109ஐ நாலு இடைவெளில பிரிச்சா 27 மில்லி. 20 மில்லி ஜல்லிக்கு 25 கேப் வேணும், கணக்குல பாஸ். ஆனா அதே இடத்துல காலத்தோட 20 மில்லி கம்பி செங்குத்தா மேல வருது, குறுக்கு பீமோட கம்பியும் வருது. கட்டற பையன் வேற வழியில்லாம ரெண்டு ரெண்டா ஒட்டி வெப்பான், ஜல்லி உள்ள இறங்காது, முட்டு எடுத்தா தேன்கூடு மாதிரி ஓட்டை. 2டி டிராயிங்ல 5 புள்ளி வெச்சிருப்பாங்க, இது தெரியவே தெரியாது.

பிளானிங்குக்கு மாடல் வேணும்னா இன்னொண்ணு ரொம்ப முக்கியம். ஆர்க்கிடெக்ட் மாடல்ல காலம் ஃபவுண்டேஷன்ல இருந்து மொட்டை மாடி வரைக்கும் ஒரே துண்டா இருக்கும், ஸ்லாப் மாடிக்கு ஒண்ணு. அதை பார் சார்ட்டோட இணைக்க முடியாது, ஏன்னா நீங்க ஒரே நாள்ல 5 மாடி காலம் போடப் போறதில்ல. மாடிக்கு மாடி வெட்டணும், ஸ்லாபை நீங்க எத்தனை பகுதியா கான்கிரீட் போடுவீங்களோ அத்தனையா வெட்டணும். அந்தக் கோடு எங்கன்னு நீங்க தான் குடுக்கணும், எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் ரெவிட் (மாடல் போடுற சாஃப்ட்வேர்) வெர்ஷன். 2024ல சேவ் பண்ண ஃபைல் 2022ல திறக்காது, பழசுக்கு இறக்கி சேவ் பண்ணவும் வழி கெடையாது. எல்லா கன்சல்டண்ட்டும் எந்த வெர்ஷன், ஒரிஜின் பாயிண்ட் (எல்லாரும் அளவு ஆரம்பிக்கிற புள்ளி) எங்க, அளவு மில்லியா அடியான்னு முதல் நாளே ஒரு பக்கம் எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. எங்க ஆஃபீசுக்கு ஒரு தடவை ஸ்ட்ரக்சர் ஒரு இடத்துலயும் ஏசி டக்ட் ரெண்டு கிலோமீட்டர் தள்ளியும் உக்காந்து வந்துச்சு. சைட்ல பாக்குறதுக்கு நேவிஸ்வொர்க்ஸ் ஃப்ரீடம்னு ஒரு வியூவர் ஃப்ரீயாவே கெடைக்குது, ஃபோர்மேன் ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டர்ல போட்டு வைங்க, லைசென்ஸ் செலவு வேண்டாம்.

சிங்கை_பிம்

டெக்லா ப்ரோ சொன்ன பகுதி மாடல் ஐடியாவை நானும் ஒத்துக்கறேன், ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்றேன். அவர் சொன்ன மாதிரி ஸ்ட்ரக்சரை முழுசா பண்ணுங்க, அதை விட்டுடாதீங்க, ஏன்னா டாய்லெட் ஷாஃப்ட் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நேர்ல இறங்குதான்னு பாக்க எல்லா மாடியும் வேணும். மூணாவது மாடில இருந்து வர்ற லைன் ஐசியூ சீலிங் மேல ஓடுச்சுன்னா அது வேற பெரிய பிரச்சினை, பேஷண்ட் தலைக்கு மேல கழிவு பைப் வர விடாதீங்க.

எம்புக் சார் 4டி பத்தி சொன்னதுல எனக்கு பாதி மாறுபாடு இருக்கு. பார் சார்ட்ல நேரம் தெரியும், இடம் தெரியாது. ஒரே வாரத்துல ஒரே காரிடார்ல டக்ட் ஆளுங்க, கேபிள் ஆளுங்க, பெயிண்டர் மூணு பேரும் இருக்காங்கன்னு பார் சார்ட்ல மூணு கோடா இருக்கும், யாருக்கும் உறைக்காது. மாடல்ல அந்த வாரத்தை நிறுத்திப் பாத்தா அந்த 2.4 மீட்டர் அகலத்துல மூணு ஸ்கஃபோல்டு நிக்க முடியாதுன்னு கண்ணுக்கே தெரியும். இங்க ஒரு வேலைல ஏசி சில்லர் உள்ள போற வழிய அப்படித்தான் கண்டுபுடிச்சோம், சுவர் கட்டி முடிச்சுட்டா மிஷின் உள்ள போகாது, அந்த ஒரு சுவரை மட்டும் கடைசில கட்டினோம். ஆனா மேஸ்திரி கூட உக்காந்து தான் வரிசை போடணும்கிறதுல சாரோட நான் முழுசா சேந்துக்கறேன்.

எம்புக்_1200

சில்லர் விஷயம் ஒத்துக்கறேன், அது பார் சார்ட்ல தெரியாது தான். கொங்கு தம்பி, ஒண்ணு செய்ங்க. ஒவ்வொரு ஸ்லாபுக்கும் கான்கிரீட் தேதிக்கு 10 நாள் முன்னாடி ஸ்லீவ் டிராயிங் முடிவுன்னு ஒரு ஆக்டிவிட்டி பார் சார்ட்லயே போடுங்க, அது முடியாம கம்பி கட்ட விடாதீங்க. மாடல் இருந்தாலும் இல்லாட்டியும் இது வேணும்.

கொங்கு_சிவில்

எல்லாருக்கும் அப்டேட் குடுக்கறேன்னு இருந்தேன், மூணு வாரம் ஓடிடுச்சு, மன்னிச்சுக்கோங்க.

முதலாளி ஒத்துக்கிட்டார். ஸ்ட்ரக்சர் முழுசும், ஐசியூவும் தியேட்டர் மாடியும் மட்டும் டீட்டெயிலா, கோவைலயே ஒரு ஆஃபீஸ்ல குடுத்தோம். டெக்லா அண்ணா சொன்ன அந்த ஒரு பக்கத்தை முதல் நாளே எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன், வெர்ஷன் ரெண்டு பேருக்கு வேற வேற இருந்துச்சு, அப்பவே தெரிஞ்சதால சரி பண்ணிட்டோம். ஏசி கன்சல்டண்ட்டை அவசரமா போட்டாங்க. மூணாவது மாடி ஹைட் 4.2 ஆச்சு, பில்டிங் மொத்த உயரம் 600 மில்லி ஏறுறதால அப்ரூவல் பிளான்ல ரிவிஷன் போகுது, அதுக்கு 2டி தான் குடுக்கணும், அதையும் நானே பாத்துக்கறேன்.

நேத்து முதல் மீட்டிங். எங்க ப்ராஜெக்ட் மேனேஜர் வர மாட்டார்னு நெனச்சேன், சென்ட்ரிங் மேஸ்திரியையும் கூட்டிட்டு வந்துட்டார். பிளம்பர் அண்ணா சொன்ன மாதிரி கழிவு லைனை முதல்ல போட வெச்சேன். ஐசியூ காரிடார்ல கிரிட் 4 கிட்ட ஒரு பீம் வாட்டத்தை மறிச்சுச்சு. ஸ்ட்ரக்சுரல்காரர் பாத்துட்டு அந்த ஒரு பீமை 450 ஆழம், அகலம் கூட்டி டிசைன் பண்ணித் தர்றேன்னார். ப்ராஜெக்ட் மேனேஜர் ரொம்ப நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தார், அப்புறம் மேஸ்திரி கிட்ட "அந்த 450 பீமுக்கு பாட்டம் ஷீட் அகலம் மாறும், இப்பவே வெட்டி வெச்சுக்கோ"ன்னு சொன்னார்.

திங்கக்கிழமை ஃபூட்டிங் பிசிசி (அஸ்திவாரத்துக்கு அடில போடுற கான்கிரீட்). ரெண்டாவது செட் ஜாக்கிக்கு வாடகை பேசியாச்சு.